ஜப்பான் பந்தயத்தன்று நீங்கள் கேட்ட சோறு

மதினி,

காலையில் ஸ்கூட்டிக்குப் பின் டயர் மாற்றப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி புது டயரைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்ததும் ரப்பர் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. வேறொருத்தியாக இருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருப்பாள். நான் ஆசையாக இழுத்து மூச்சு விட்டேன். கழற்றிப் போட்ட பழைய டயரைப் புரட்டிப் பார்த்தால், நடுவில் கோடு அப்படியே இருக்கிறது, இரண்டு ஓரமும் மொழுமொழுவென்று தேய்ந்து கிடக்கிறது.

"காத்துக் கம்மியா ஓடியிருக்கு தம்பி. போன தடவை எவ்வளவு வச்சீக?" என்று அதிகாரமாகக் கேட்டேன்.

"யக்கா, காத்தடிக்க நீங்க இந்தப் பக்கம் வந்தே மாசக்கணக்காச்சு. இதுல என்னையக் கேள்வி கேக்குறீக" என்றார்.

உண்மைதானே. வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிய அதிசயத்தைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று நினைத்தேன், அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. டயர்க் கடையில் நின்று அழுத பொம்பளை காரைக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தத் தம்பி பதறிப்போய், "வெலையைக் கொறச்சுக்கிறேன்க்கா, அழுகாதீக" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உலை வைக்காமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாசியில் போனீர்கள். இப்போது வைகாசி பிறந்துவிட்டது. உங்களிடம் பேசாமல் இத்தனை நாள் இருந்தது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

தேன்மொழியை என் மகன் குமாருக்குக் கேட்டுக் கீழச்சிவல்பட்டிக்கு வந்த அன்று, நீங்கள் என்னிடம் பேசியது மொத்தமே ஒரு கை விரலுக்குள் அடங்கும். வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க. நானோ மின்வாரிய ஆபீசில் ஆயுசு முழுக்கச் சத்தம் போட்டே பழகினவள். இந்த அம்மா நமக்கு எப்படி ஒத்துவரும் என்று திரும்பும்போது பஸ்ஸிலேயே குமாரிடம் முணுமுணுத்தேன். சத்துணவுக் கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்ட உங்களுக்கும் என்னைப் பற்றி அதே கவலைதான் இருந்திருக்கிறது. "உங்க அத்தைக்குக் கரண்ட் ஆபீஸ் வாய் ஆத்தா, தொட்டா அடிக்கும்" என்று மகளிடம் சொன்னீர்களாமே. கல்யாணமான மறுவாரமே அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டாள். உங்கள் மகள் வாயில் எதுவும் தங்காது.

கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஓடியிருக்கும். சென்னையில் டயர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஜெர்மனியில் இருந்து அழைப்பு வந்தது. கார்ப் பந்தய அணி ஒன்றில் டயர் இன்ஜினியர் வேலை. ஒரு சீசனுக்கு மட்டும் ஒப்பந்தம். வேலை பிடித்துப்போனால் அடுத்த வருடமும் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நாடு நாடாகப் பந்தயம் நடக்கும், வண்டியோடு கூடவே போக வேண்டும். சென்னையிலேயே வேலையில் இருக்கும் குமார் போய்வா என்றான். நானும் போய்வா என்றேன். நீங்கள் மட்டும், "ஒரு வருசந்தான். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. அத்தைக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

எனக்கு நீங்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை மதினி. நான் கேட்கவும் இல்லை. மருமகள் வெளிநாட்டில் இருந்தால் மாமியார்க்காரி என்ன நினைப்பாளோ என்று, எனக்கும் சேர்த்து நீங்களே ஒரு வாக்கைக் கொடுத்து நீங்களே வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

முதல் பந்தயம் கத்தாரில், பாலைவனத்துக்கு நடுவே. உங்கள் வீட்டில் போனைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். என் வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, நெட்டும் இருக்கிறது. "அத்தை, அம்மாவையும் கூப்பிட்டு வச்சுப் பாருங்க" என்று தேன்மொழி சொன்னாள். மதியப் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். தோளில் ஒரு பை. அதற்குள் தண்ணீர்ப் பாட்டில், ஒரு டப்பா.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? கார்ப் பந்தயம் என்றால் ஒரு மணி நேரம் உறுமிக்கொண்டு ஓடுவார்கள், ஒருவன் கோப்பையைத் தூக்குவான் என்று நினைத்திருந்தேன். இது ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், பிரான்சில் ஒரு முழு நாள் என்று ஓடுகிறது. ஒரு காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள். ஒரே தடத்தில் இரண்டு வகை வண்டிகள். தரையோடு படுத்துக் கிடக்கும் அதிவேக வண்டிகள் ஒன்று. ரோட்டில் போகும் பணக்காரக் கார் மாதிரியே இருக்கும் ஜிடி கார்கள் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியாக முதலிடம் உண்டு. நம் பெண்ணுடையது ஜிடி, நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட கார். இதையெல்லாம் தேன்மொழி எனக்குப் போனில் பாடம் எடுத்திருந்தாள், நான் உங்களுக்கு எடுத்தேன். பாதி தப்பாகச் சொல்லியிருப்பேன்.

நீங்கள் டிவியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சிரித்தால் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தீர்கள். நான் கொட்டாவி விட்டால் முதுகு நிமிர்ந்துவிடும். கார் முதல் முறை உள்ளே வந்து நின்றபோதுதான் திரையைப் பார்த்தீர்கள். பார்த்ததும் எழுந்தே விட்டீர்கள்.

"ஐயையோ மதினி, ரிப்பேராயிருச்சு!"

"ரிப்பேரெல்லாம் இல்ல. பெட்ரோல் ஊத்துறாக. டயர் மாத்துறாக. பாருங்க, ஓட்டுனவரு எறங்கி வேற ஆளு ஏறுறாரு."

"எறங்குனவரு என்ன தப்புப் பண்ணினாரு?"

"ஒரு தப்பும் பண்ணல. அவரு முறை முடிஞ்சது."

"கோவிச்சுக்க மாட்டாரா?"

"எதுக்குக் கோவிக்கணும்? மூணு பேருக்கும் காரு ஒன்னுதான மதினி."

அன்று பொழுது சாய்கிற நேரம், பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனீர்கள். கால் மரத்துப்போயிருக்கும், நடக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், எதிர்ப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு டப்பாவில் இருந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. பொரியலும் கூட்டும் வைத்து இலை நறுக்கிக் காத்திருக்கிறேன், சம்பந்தி தெருவில் நின்று சாப்பிடுகிறார்.

"எங்க வீட்ல முறை அப்பிடி மதினி. பொண்ணு குடுத்த வீட்ல, பேரப்பிள்ளையக் கையில வாங்குற வரைக்கும் கை நனைக்க மாட்டோம். எங்க அம்மாவும் அப்பிடித்தான் இருந்தாக. தப்பா நினைக்காதீக" என்றீர்கள்.

தண்ணீர் கூடக் குடிக்க மாட்டீர்கள். சொந்தச் சோறாக இருந்தாலும் என் நிலைப்படிக்குள் வைத்துத் தின்ன மாட்டீர்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் இதுவே வழக்கமாகிவிட்டது. எதிர்வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, "நல்லா இருக்குடி ஞாயம். சம்பந்தியைத் தெருவுல நிப்பாட்டித் திங்க வைக்கிறியே" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் இத்தாலிப் பந்தயத்தில் ஒரு மணி நேரம் போய்விட்டது. இன்றைக்கு வரைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நம் கார் எப்படிப் பின்னால் போனது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் நீங்கள் மாறிக்கொண்டிருந்தீர்கள். பெல்ஜியப் பந்தயத்தின்போது என் முகத்தை விட்டுவிட்டு டிவியைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். காடும் மேடுமாக இருக்கிற தடம் அது. ஒரு மூலையில் மழை பெய்யும், மறு மூலையில் வெயில் அடிக்கும். "இது நம்ம ஊரு மழை கெணக்கா இருக்கே. திருப்பத்தூர்ல பேஞ்சா சிவல்பட்டியில பேயாது" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நம் கார் நாலாவதாக வந்தது. நீங்கள் கை தட்டியதை முதல் முறையாகப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அரியக்குடியில் ஒரு கல்யாணம், ஞாபகம் இருக்கிறதா? பந்தியில் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த உங்கள் உறவுக்காரப் பெண்மணி, சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "என்ன, மருமக விசேசமா இருக்காளா?" என்று என்னிடம் கேட்டார். உங்கள் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"விசேசந்தான். பெல்ஜியத்துல நாலாவது வந்திருக்கா" என்றேன்.

அந்த அம்மா அது என்ன மாதக்கணக்கு என்று தெரியாமல் விழித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டீர்கள். எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. உங்களுக்காகத்தானே பேசினேன்.

பிறகு பிரான்ஸ் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஓடுகிற பந்தயம். நீங்கள் உங்கள் வீட்டில் தூங்கினீர்கள், நான் என் வீட்டில் தூங்கினேன், கார் மட்டும் தூங்காமல் ஓடியது. ஞாயிறு காலையில் நீங்கள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "ரெண்டாவதா ஓடிக்கிட்டிருக்கு மதினி!" என்று உள்ளே இருந்து கத்தினேன். ஓடி வந்து உட்கார்ந்தீர்கள்.

உச்சி வேளையில் அது நடந்தது. நேர்கோட்டுப் பாதையில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த காரின் பின் டயர் வெடித்தது. கார் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுவரில் போய் மோதியது. புகை. நீங்கள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. ஓட்டுநர் கதவைத் திறந்து தானாக இறங்கி நடந்து வந்தார், முருகன் காப்பாற்றினான். ஆனால் டயர் வெடித்திருக்கிறது, நம் பெண் டயர் இன்ஜினியர். இரண்டு பேரும் அதைத்தான் நினைத்தோம், ஒருவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் தேன்மொழி பேசினாள். அழுதுகொண்டே பேசினாள். காற்றழுத்தம் குறைவாக வைத்துவிட்டாள் என்று அணியில் சிலர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். நான் வைத்த கணக்குச் சரிதான் அம்மா, யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்று விம்மினாள். தடத்தில் கிடந்த ஏதோ இரும்புத் துண்டு டயரைக் கிழித்தது என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அது தெரியாது.

"வந்துரு ஆத்தா. போதும். வந்துரு" என்றீர்கள் போனில்.

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு மதினி வரச் சொன்னீக?"

"பின்ன? அழுகுற பிள்ளைய அங்குட்டே கெடன்னு சொல்லவா?"

"அழுதா அழுதுட்டுப் போறா. நான் ஆபீசுல சேந்த புதுசுல அழுகாத நாளா? வேலைன்னா நாலு பேரு நாலு சொல்லத்தான் செய்வாக."

"உங்களுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது? சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்."

நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினீர்கள். "புருசன் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். வயித்துல ஒன்னும் இல்ல. இந்த வேலையும் போயிருச்சுன்னா அவகிட்ட என்ன இருக்கு? நாளைக்கு நீங்க எம்பிள்ளைய ஒரு சொல்லு சொல்லிட்டா நான் தாங்க மாட்டேன் மதினி."

"நான் என்னைக்காச்சும் சொல்லியிருக்கேனா?"

"சொல்லல. அதான் பயமா இருக்கு. ஊரு உலகத்தையே பேசுற பொம்பள, இதை மட்டும் பேசாம இருக்கீகளே. உள்ள வச்சிருக்கீகன்னுதான நான் நினைப்பேன்?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கோபமா, வலியா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "உள்ள ஒன்னு வெளிய ஒன்னு வச்சுப் பொழைக்கிறவ நானில்ல. நீங்க ஒவ்வொரு தடவையும் அந்த மரத்தடியில போயி நிக்கிறீகளே, அப்ப ஊருக்கு என்ன சொல்றீக தெரியுமா? எம்பொண்ணு பிள்ளை பெத்துக் குடுத்தாத்தான் அவளுக்கு இந்த வீட்ல இடம்னு தண்டோராப் போடுறீக. போடுறது நானில்ல மதினி, நீங்கதான்!"

நீங்கள் எழுந்தீர்கள். பையை எடுத்தீர்கள், செருப்பைப் போட்டீர்கள், போய்விட்டீர்கள். அன்றைக்கு டப்பாவைத் திறக்கவே இல்லை. பட்டினியாக அனுப்பிவிட்டேனே என்று எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொன்னது தப்பென்று மட்டும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

தேன்மொழி வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. சீசன் முடியட்டும் என்று மட்டும் சொன்னாள். பிரேசிலும் அமெரிக்காவும் நம் இரவு நேரத்தில் ஓடின, காலையில் எழுந்து அவரவர் வீட்டில் முடிவைப் பார்த்துக்கொண்டோம். நாம் போனில் பேசினோம்தான். மாடு நல்லா இருக்கா, மழை உண்டா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான் பேச்சு.

அணியில் அடுத்த வருடத்துக்கு யார் யார் என்பதை ஜப்பான் பந்தயம் முடிந்ததும் சொல்லிவிடுவார்கள் என்று குமார் மூலம் தெரிந்தது. அது புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானில் பகல் என்றால் நமக்குக் காலை. உங்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். வீம்புக்காரி நான், கூப்பிடவில்லை. ஞாயிறு காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறீர்கள். அதே பை தோளில்.

"என்ன மதினி, போட்டுட்டாகளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டீர்கள், நேற்றுத்தான் போனவர் மாதிரி. எனக்கு உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. "இன்னும் போடல, உக்காருங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெரிய மலை ஒன்று பின்னால் தெரிகிற தடம். மலையை மேகம் மூடிவிட்டது. நம் கார் ஏழாவதாகவும் எட்டாவதாகவும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பந்தயம் தாண்டியும் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. பிறகு தூறல் போட்டது. காய்ந்த தரைக்கு வழவழப்பான டயர் போட்டிருப்பார்கள், அது ஈரத்தில் வழுக்கும். மழைக்கு வெட்டுப் போட்ட டயர் வேறு. தூறல் விழுந்த உடனே ஒவ்வொரு ஜிடி காராக உள்ளே ஓடி வந்து மழை டயருக்கு மாற ஆரம்பித்தது. நம் கார் மட்டும் வரவில்லை. வெளியே தடுமாறிக்கொண்டு ஓடியது.

அப்போதுதான் நம் பெண்ணைக் காட்டினார்கள். கூடாரத்துக்குள் காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி நிற்கிறாள். அவளைச் சுற்றிலும் மலை மலையாக ஆண்கள். ஒரு நரைத்த தலைக்காரர் அவள் பக்கம் குனிந்து ஏதோ கேட்கிறார். மழை டயர் மாற்றவா என்று கேட்டிருக்க வேண்டும். தேன்மொழி திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் ஆட்டினாள்.

"மதினி, அந்தத் தலையாட்டைப் பாத்தீகளா?" என்று என் தொடையில் தட்டினீர்கள். "சின்னதுல மருந்து குடிக்கச் சொன்னா இப்பிடித்தான் ஆட்டுவா. நாலு பேரு அமுக்கிப் பிடிச்சாலும் ஒரு சொட்டு எறங்காது."

கேமரா வேறு பக்கம் போய்விட்டது. தூறல் வலுத்தது. நம் கார் ஒரு வளைவில் பக்கவாட்டில் சறுக்கித் தப்பித்தது. இந்த ஒரு தலையாட்டலில் அவள் வேலை போய்விடப் போகிறது என்றே நினைத்தேன். அப்போது நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"மதினி, பசிக்குது. சோறு போடுங்க."

எனக்குக் காது கேட்டது, மூளைக்கு எட்டவில்லை. "டப்பா கொண்டாந்திருக்கீகளே?"

"அது பஸ்ல கெட்டுப் போயிருக்கும்."

"காலையில அவிச்ச இட்லி அதுக்குள்ள கெட்டுப் போகுமா?"

"போடுவீகளா மாட்டீகளா?"

நான் எழுந்திருக்காமல் உங்களையே பார்த்தேன். "அங்குட்டு மழை விடுமோ விடாதோ, இன்னும் ஒன்னும் தெரியலையே மதினி" என்றேன்.

"விட்டாலும் சரி, விடாட்டியும் சரி. அத்தனை பெரிய ஆளுக நிக்கையில எம்பொண்ணு மாட்டேன்னு தலையாட்டுறா. யாருக்கும் பயப்படல. நான் மட்டும் எதுக்கு மரத்தடியில போயி நிக்கணும்?" என்றீர்கள். கண் டிவியை விட்டு நகரவில்லை.

நீங்கள் என் வீட்டில் முதல் முறை கை நனைக்கும் நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் மனசுக்குள் ஒரு பெரிய விருந்தே வைத்திருந்தேன். வெள்ளைப் பணியாரம், வெண்டைக்காய் மண்டி, பால் பாயசம் என்று. அன்றைக்கு என் அடுப்படியில் இருந்தது வடித்த சோறும் ஒரு ரசமும்தான். பந்தயத்தைப் பார்க்கும் பரபரப்பில் அதற்கு மேல் எதுவும் வைக்கவில்லை. அப்பளம் கூடப் பொரிக்க விடவில்லை நீங்கள். "அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிரும், கொண்டாங்க" என்று அவசரப்படுத்தினீர்கள். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ரசஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே பரிமாறினேன். பந்தயத்தைப் பார்க்கவில்லை, உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் சோற்றுக்கு நீங்கள் இலையை நகர்த்தியபோது தூறல் நின்றுவிட்டது. தரை காயக் காய, மழை டயர் போட்டவர்களுக்கெல்லாம் டயர் கொதித்துப் பிய்ந்துபோக ஆரம்பித்தது. மறுபடியும் ஒவ்வொருவராக உள்ளே ஓடினார்கள். நம் கார் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஆறு, ஐந்து, நாலு. கடைசியில் மூன்றாவது. ரசம் காய்ந்த கையை ஓங்கி என் முதுகில் ஒரு அடி அடித்தீர்கள். அந்தச் சேலையில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் தேன்மொழியே கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல். "அம்மா, அடுத்த வருசமும் இருக்கச் சொல்றாங்க. ஒரு வருசந்தான்னு நீ சொன்ன. நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"நான் உங்க அத்தை வீட்ல சாப்பிட்டுட்டேன் ஆத்தா" என்றீர்கள்.

அவளுக்குத் தெரியாதா அதற்கு என்ன அர்த்தம் என்று?

"என்னம்மா சொல்ற?"

"ரசஞ்சோறு. புளி கொஞ்சம் தூக்கல். நீ போயி அவுக கேட்டதுக்குச் சரின்னு சொல்லு. போ."

சீசனின் கடைசிப் பந்தயம் மறுபடியும் ஒரு பாலைவனத்தில். அதில் நம் கார் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் முதல் நாளே வந்து தங்கி, எல்லா வேளையும் என் வீட்டில் சாப்பிட்டு, கூட்டில் உப்பில்லை என்று குறையும் சொன்னீர்கள். அன்றைக்குப் போல நான் சந்தோஷமாகத் திட்டு வாங்கியது கிடையாது. அடுத்த சீசனுக்கு என்னென்ன கொண்டுவருவேன் என்று நீங்கள் பேசிக்கொண்டே போனீர்கள். மாசியில் ஒரு விடிகாலை, பால் கறக்க எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீசன் இல்லாத நேரம், தேன்மொழி சென்னையில் இருந்தாள். வந்துவிட்டாள். அந்த ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

துக்க வீட்டில் உங்கள் சொந்தக்காரர்கள், "பேரப்பிள்ளையப் பாக்காமப் போயிட்டாளே" என்று ஒப்பாரி வைத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "பெத்த பிள்ளையப் பாத்துட்டுத்தான் போனாக. கண்ணாரப் பாத்துட்டுப் போனாக" என்று சத்தமாகச் சொன்னேன். துக்க வீடென்றும் பார்க்காமல் கரண்ட் ஆபீஸ் வாயைத் திறந்துவிட்டேன் மதினி, மன்னிக்கவும்.

கருமாதி முடிந்த நாலாம் நாள் அவள் கிளம்ப வேண்டும். பெட்டியை எடுத்து வைத்தாள், திரும்ப இறக்கி வைத்தாள். தாயில்லாப் பிள்ளை, இனிமேல் வீட்டோடு இருந்து குடும்பத்தைப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் அவள் காதுபடவே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, நான் போகவா?"

"உங்க அம்மா என் வீட்ல எதுக்குச் சாப்பிட்டாகன்னு நினைச்ச? என் ரசம் நல்லா இருக்குன்னா?" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தேன்.

போன வாரம் பெல்ஜியத்தில் இரண்டாவது வந்தார்கள் மதினி. உங்கள் மகளை இந்த முறை மேடைக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். கூச்சத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். எனக்கு இந்த வயசில் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். புரட்டாசியில் ஜப்பானுக்கு வரச் சொல்கிறாள், தடத்துக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாமாம். உங்களையும் சேர்த்துத்தான் முதலில் திட்டம் போட்டாளாம். போகத்தான் போகிறேன். இருவருக்குமாகச் சேர்த்துக் கத்திவிட்டு வருகிறேன்.

அவளுக்கு நாளைக்குப் பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். அது அவளும் குமாரும் பேசிக்கொள்ள வேண்டியது. அடுத்த வருடம் அணியில் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா, அதுவும் எனக்குத் தெரியாது. இன்னொரு டயர் வெடிக்கலாம். இதிலெல்லாம் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் பிரான்ஸ் பந்தயத்தன்று நான் சொல்லிவிடுவேனோ என்று நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு பயந்தீர்களே, அந்த ஒரு சொல், அது என் வசம்தான் இருக்கிறது. என் வாயின் லட்சணம் உங்களுக்குத் தெரியும் மதினி. டயர்க் கடைக்காரரை விடாது, எதிர்வீட்டை விடாது, துக்க வீட்டைக் கூட விடாது. உங்கள் மகளை மட்டும் பேசாது.